களிமண்ணுக்குள் கோழி, மாவுக்குள் கறி: மூடிச் சுடுறது பற்றி ஒரு கேள்வி

தோப்புவீடு

பொங்கல் லீவுக்கு அண்ணன் தம்பி குடும்பம் எல்லாரும் எங்க தோப்புக்கு வர்றாங்க. சின்னவங்க பெரியவங்க சேர்த்து இருபது பேர் தேறும். நாட்டுக்கோழியைக் களிமண் பூசி நெருப்புல சுட்டுப் போடலாம்னு ஆசை. வீடியோ நிறைய பார்த்துட்டேன். எல்லாத்துலயும் மண்ணை அப்புறாங்க, தீயில தள்ளுறாங்க, அடுத்த காட்சியில உடைச்சுச் சாப்பிடுறாங்க. நடுவுல இருக்கிற நேரத்துல உள்ள என்ன நடக்குதுன்னு யாருமே சொல்றதில்ல.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எந்த மண்ணு, எவ்வளவு கனம்? மண்ணு வெடிச்சா என்ன பண்றது? மசாலா எப்படிப் போடணும்? உள்ள வெந்துருச்சான்னு திறக்காம எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிரியாணிக்கு மாவு ஒட்டி தம் போடுறதும் இதுவும் ஒண்ணுதானா, வேறயா? செஞ்சு பழகினவங்க சொல்லுங்க.

மேற்குஏரி

வேலை விஷயமா சில வருஷம் சீனாவுல ஹாங்சோ நகரத்துல இருந்தேன். இந்தச் சமையலுக்குப் பேர்போன ஊர்கள்ல அது ஒண்ணு. இன்னொண்ணு ஜியாங்சு மாகாணத்துல இருக்கிற சாங்ஷு. அங்க இதுக்குப் பேரு "பிச்சைக்காரர் கோழி". யூஷான் மலையடிவாரத்துல ஒரு ஏழைக்குக் கோழி கிடைச்சுதாம். சட்டி இல்ல, எண்ணெய் இல்ல, இறகு பறிக்க வெந்நீர்கூட இல்ல. அப்படியே சேத்தைப் பூசித் தீயில போட்டான், உடைச்சப்ப இறகெல்லாம் மண்ணோட வந்துருச்சுன்னு கதை. சாங்ஷுக்காரங்க இதை ரொம்பப் பெருமையாச் சொல்வாங்க.

ஆனா இப்ப செய்யற முறைக்கும் அந்தக் கதைக்கும் ரொம்ப தூரம். ஹாங்சோவுல மேற்கு ஏரிக்கரையில 1848ல தொடங்கின "லோ வாய் லோ" உணவகம் இருக்கு. அங்க மேசையிலயே மண்ணை உடைச்சுத் தருவாங்க. அந்த ஊர் முறையை விவரமாச் சொல்றேன், உங்களுக்கு உதவும்.

கோழியை வயித்துல கிழிக்க மாட்டாங்க. இறக்கைக்கு அடியில சின்னதா வெட்டி குடலை எடுப்பாங்க. கால் எலும்பை உள்ளுக்குள்ளயே உடைச்சு மடக்கிடுவாங்க, அப்பதான் உருண்டையாப் பொட்டலம் கட்ட வரும். சோயா சாஸ், ஷாவ்ஷிங் அரிசி மது, சர்க்கரை, இஞ்சி, வெங்காயத்தாள், அன்னாசிப்பூ போட்டு ஊறவைப்பாங்க. பன்றிக்கறித் துண்டு, காளான் எல்லாம் வதக்கி வயித்துக்குள்ள அடைப்பாங்க. அதுக்கு மேல பன்றியோட வயித்துக்குள்ள வலை மாதிரி இருக்கிற கொழுப்புச் சவ்வு. அப்புறம் தாமரை இலை, தாள், மறுபடி தாமரை இலை. நூல் போட்டுக் கட்டி, கடைசியிலதான் மண்ணு.

மண்ணும் சாதாரண மண்ணு இல்ல. ஷாவ்ஷிங் மது ஜாடிகளோட வாயை அடைக்கிற களிமண்ணை உடைச்சுத் தூளாக்கி, உப்புத் தண்ணியும் மதுவும் விட்டுப் பிசைவாங்க. அடுப்புல முதல் முக்கால் மணி நேரம் 220 டிகிரி சூடு, பிறகு 160க்குக் குறைச்சு மூணு மணி நேரத்துக்கு மேல.

உடைச்ச உடனே கறி வாசம் வராது. முதல்ல வர்றது இலை வாசம். பச்சையா இருந்த தாமரை இலை காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறியிருக்கும். நூலை அறுத்து இலையைப் பிரிக்கிறப்ப தண்ணியா ஒரு சாறு தட்டுல ஓடும். தொடையைப் பிடிச்சு இழுத்தா சதை அப்படியே இருக்க எலும்பு மட்டும் கையோட வரும், வழவழன்னு, ஒரு நார் ஒட்டாம. அந்தச் சாறுதான் இந்தச் சமையலோட மொத்தச் சம்பளம். அதைச் சிந்தவிட்டுட்டு கறியை மட்டும் சாப்பிடுறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு ஆறாது.

இன்னொண்ணு. ஏழை கண்டுபிடிச்சதுன்னு கதை சொன்னாலும், சீனாவோட பழைய சடங்கு நூலான லி ஜியில முதியவங்களுக்குச் சமைக்கிற எட்டு அரிய உணவுகள்ல இந்த முறை ஏற்கெனவே இருக்கு. பன்றிக்குட்டி வயித்துல இலந்தை அடைச்சு, நாணல் சுத்தி, வைக்கோல் கலந்த மண்ணைப் பூசிச் சுடச் சொல்லுது. மண்ணை உடைச்ச பிறகும் விடல. அரிசி மாவுக் குழம்பு பூசி, கொழுப்புல பொரிச்சு, அப்புறம் பெரிய கொப்பரைத் தண்ணிக்குள்ள சின்னப் பாத்திரத்துல வச்சு மூணு நாள் மூணு ராத்திரி. ஆக, இந்தக் கோழி குடிசையில மட்டும் பிறந்த சாப்பாடுன்னு என்னால ஏத்துக்க முடியல. ரெண்டு பக்கமும் தனித்தனியா கண்டுபிடிச்சிருக்கலாம்.

மண்மிதி

எங்க குடும்பத்துக்கு மண்பாண்டத் தொழில், மானாமதுரைப் பக்கம். சமையலைப் பத்தி நான் சொல்ல மாட்டேன், மண்ணைப் பத்திச் சொல்றேன்.

வெறும் களிமண் பூசினா கண்டிப்பா வெடிக்கும். களி காயுறப்ப சுருங்கும், உள்ள இருக்கிற கோழி சுருங்கி இடம் குடுக்காது, அப்ப மண்ணு கிழிஞ்சுதான் ஆகணும். அதனாலதான் பானைக்கே நாங்க மணல் கலந்து மிதிக்கிறோம். உங்களுக்கு மூணு பங்கு களிக்கு ஒரு பங்கு சலிச்ச மணல் போதும். கூடவே விரல் நீளத்துக்கு நறுக்கின வைக்கோல் ரெண்டு கை. மேற்குஏரி அண்ணன் சொன்ன பழைய நூல்லயும் வைக்கோல் மண்ணுதான்னு படிச்சதும் சந்தோஷமா இருந்துச்சு. மண்ணு வேலை எல்லா ஊர்லயும் ஒரே வேலைதான்.

களியை முதல் நாளே ஊறப்போடுங்க. கல்லு, வேர், கிளிஞ்சல் எல்லாம் பொறுக்குங்க. மிதிச்சு மிதிச்சு, கையில உருட்டினா விரிசல் விடாத பதம் வரணும். சாக்கு மேல ரொட்டி மாதிரி தட்டி, அதுக்கு நடுவுல பொட்டலத்தை வச்சு, சாக்கோட தூக்கி மூடினா கனம் ஒரே சீரா வரும். கையில அப்பினா ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் மெலிசும் ஆயிடும், மெலிசான பக்கம் கருகும். கனம் ஒரு விரல்கடை, ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம்.

பூசின உடனே கொழுந்துவிட்டு எரியிற தீயில போடாதீங்க. ஈர மண்ணுக்கு திடீர்னு சூடு பட்டா உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி வெளிய வர வழி இல்லாம மண்ணைத் தெறிக்க வைக்கும். சூளையில பானை அடுக்கினதும் முதல்ல மெதுவாத்தான் சூடு ஏத்துவோம். நீங்களும் அரை மணி நேரம் தணலுக்குப் பக்கத்துல வச்சுத் திருப்பித் திருப்பிக் காட்டுங்க. விரிசல் கண்டா குழைச்ச மண்ணை வச்சு அடைச்சுடுங்க, அதுக்காக ஒரு கிண்ணம் தனியா வச்சிருங்க.

மண்ணு எடுக்கிற இடம் முக்கியம். பூச்சிமருந்து அடிச்ச வயல், சாயத்தண்ணி சாக்கடைத்தண்ணி வர்ற குளம், ரோட்டோரம் எதுவும் கூடாது. பக்கத்துல பானை செய்யறவங்க இருந்தா அவங்ககிட்டயே வாங்கிக்குங்க. மிதிச்ச மண்ணாவே தருவாங்க, அவங்களுக்கும் நாலு காசு.

கங்கும்கரியும்

ஆம்பூர்ல கல்யாண பிரியாணி வேலை எங்க வீட்டு வேலை. தம் பத்தி கேட்டீங்க.

எங்க பக்கம் பெரிய டேக்சாவுல அரிசி முக்கால் பதம் வடிச்சு கறியில கொட்டி, மூடி, அடியில தீயை வாரி எடுத்துட்டு மூடி மேல கங்கு போடுவோம். பெரிய ஆர்டருக்கு ஈரத்துணி சுத்துறதோட சரி, மூடியோட கனமே பாதி வேலை செய்யும். சின்னப் பாத்திரத்துல செய்றப்பதான் மைதாவைப் பிசைஞ்சு விளிம்பு சுத்தி ஒட்டுறது.

லக்னோவுல இதுவே பெரிய கலை, தம் புக்த்துன்னு சொல்வாங்க. 1784 பஞ்சத்தப்ப நவாப் ஆசஃப் உத் தௌலா சனங்களுக்கு வேலை கொடுக்க பாரா இமாம்பாராவைக் கட்ட ஆரம்பிச்சார். அங்க வேலை செஞ்சவங்களுக்குப் பெரிய அண்டாக்கள்ல மாவு ஒட்டிச் சமைச்சு வச்சாங்க, அந்த வாசனையில மயங்கி நவாப் அரண்மனைக்கே கொண்டுபோனார்னு கதை. கட்டடமும் பஞ்சமும் உண்மை, வாசனைக் கதைக்கு நான் ஜவாப்தாரி இல்ல. நம்ம காலத்துல அந்தச் சமையலை நட்சத்திர ஓட்டலுக்குக் கொண்டுபோனவர் இம்தியாஸ் குரேஷி. 2016ல பத்மஸ்ரீ வாங்கினார், 2024ல காலமானார். அந்தக் கையையெல்லாம் நெனச்சா மரியாதையா இருக்கு.

மாவு ஒட்டினா உள்ள பிரஷர் ஏறி குக்கர் மாதிரி வேகும், அதான் ரகசியம்.

வெப்பக்கணக்கு

கங்கும்கரியும் பாய், உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் ஒன்றுமில்லை. ஆனால் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன், ஏனென்றால் தோப்புவீடு அதை நம்பி நேரத்தைக் குறைத்துவிடக் கூடாது.

வீட்டுக் குக்கரில் விசில் வரும்போது உள்ளே ஏறத்தாழ 120 டிகிரி இருக்கும். அந்த அழுத்தம் 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு டேக்சா மூடிக்குக் கீழே வந்தால், மூடியை மேலே தள்ளும் விசை சுமார் மூன்று டன் எடைக்குச் சமம். மைதா மாவு அதைத் தாங்காது. உங்கள் கங்கும் தாங்காது. ஆவி எங்காவது ஒரு சின்ன வழி கண்டு வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டாது.

அப்படியானால் மாவு என்ன செய்கிறது? ஆவி வெளியே போகும் வேகத்தைக் குறைக்கிறது. ஆவி போகும்போதுதான் தண்ணீரும் வாசனையும் சேர்ந்து போகின்றன. போகவில்லை என்றால் கொஞ்சம் தணலே போதும், அடிபிடிக்காது, கறியின் சாறு கறியிலேயே நிற்கும். குறைந்த தீயில் நீண்ட நேரம் வைக்க முடிவதுதான் இதன் பலன்.

களிமண்ணில் இது இன்னும் அழகாக நடக்கிறது. ஒரு கோழிக்கு நான்கு கிலோ ஈரமண் பூசினால் அதில் ஒரு கிலோ அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 300 கிலோஜூல் போதும். அதை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். அதாவது மண் முழுக்கக் காயும்வரை, வெளியே எவ்வளவு தணல் இருந்தாலும், கோழியைத் தொடும் சூடு 100 டிகிரிப் பக்கத்திலேயே கட்டுப்பட்டு நிற்கும். மண் காய்ந்த பிறகுதான் சூடு அதற்கு மேல் ஏறும், அதற்குள் நீங்கள் தீயைத் தணித்திருக்க வேண்டும். ஹாங்சோ அடுப்பில் முதலில் 220, பிறகு 160 என்று வைப்பதும் இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது.

நாட்டுக்கோழிக்கு இது பொருத்தமான முறை. வயதான கோழியில் இணைப்புத் திசு அதிகம், அது 70 டிகிரிக்கு மேல் நேரம் எடுத்து மெதுவாகக் கரைந்து கொழகொழவென்று ஆகும். மேற்குஏரி சொன்ன வழவழப்பான எலும்பு அதனால்தான். பிராய்லரை நான்கு மணி நேரம் இப்படி வைத்தால் நார்நாராகப் போய்விடும்.

ஒன்றை எதிர்பார்க்காதீர்கள்: முறுகலான தோல். கறி சிவந்து முறுக 140 டிகிரிக்கு மேல் வறண்ட சூடு வேண்டும். இங்கே அது கிடையாது. மண்ணில் சுட்டாலும் இது உண்மையில் இலைக்குள் நடக்கும் ஆவிச் சமையல்தான்.

கங்கும்கரியும்

சரிங்க, ஏத்துக்கிறேன். நீங்க சொல்றது ஒரு விஷயத்துல எங்க அனுபவத்தோட ஒத்துப்போகுது. தம்முல போட்ட பிறகு பச்சை வாசனை போகவே போகாது. வெளிய போக வழியில்லையே! அதனாலதான் இஞ்சி பூண்டை எண்ணெய் பிரிஞ்சு வர்ற வரைக்கும் வதக்கிட்டுத்தான் மத்ததெல்லாம். வெங்காயம் சிவக்கணும். தம்முல சரியாயிடும்னு எவனாவது சொன்னா அந்த ஆளை அடுப்பாண்ட விடாதீங்கன்னு எங்க அப்பா சொல்வார்.

தோப்புவீடு, உங்க கோழிக்கும் இதேதான். மசாலாவை வதக்கி ஆறவச்சு, அப்புறம் தடவுங்க. உப்பும் இப்பவே சரியா இருக்கணும். மூடின பிறகு உப்பு பார்க்க முடியாது, தண்ணி விட முடியாது, கிளற முடியாது. அவ்வளவு தீர்மானமும் மூடுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். பிரியாணி மாஸ்டருக்குக் கூலி கொடுக்கிறதே அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

ரைன்கரை

வணக்கம் எல்லாருக்கும். நான் பிரான்சில ஸ்ட்ராஸ்பூர்க்கில இருக்கிறன். இஞ்ச அல்சாஸ் பகுதியில பேக்கஓஃப் எண்டு ஒரு சாப்பாடு இருக்கு, மாவு ஒட்டிச் செய்யிறதுதான். பெயருக்கு "பேக்கரிக்காரரின்ர அடுப்பு" எண்டு அர்த்தம்.

மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, பன்றியிறைச்சி மூண்டையும் ரீஸ்லிங் போல வெள்ளை வைனில இரவு முழுக்க ஊறவிடுவினம். சூஃப்ளென்ஹைம் எண்ட குயவர் கிராமத்து முட்டைவடிவ மண்சட்டியில உருளைக்கிழங்கு ஒரு அடுக்கு, இறைச்சி ஒரு அடுக்கு, வெங்காயம், லீக்ஸ், திரும்ப உருளைக்கிழங்கு. மூடிக்கும் சட்டிக்கும் இடையில மாவைக் கயிறு மாதிரி உருட்டி ஒட்டுறது. திங்கக்கிழமை உடுப்புத் தோய்க்கிற நாள், பொம்பிளையளுக்குச் சமைக்க நேரம் இல்லை, அதால காலமை சட்டியைப் பேக்கரியில குடுத்திட்டுப் போவினம், பாண் சுட்டு முடிஞ்ச அடுப்பின்ர மிச்சச் சூட்டில அது அவியும் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுவினம். யூத ஆக்கள் சனிக்கிழமை அடுப்பு மூட்டக்கூடாது எண்டதால வெள்ளியே சட்டியை மூடி பேக்கரியில வைக்கிற வழக்கமும் இருந்தது. அதில இருந்துதான் இது வந்தது எண்டும் ஒரு கதை.

எனக்கு இதில பிடிச்சது என்னெண்டால், மாவு ஒட்டின சட்டியை வேற ஆள் திறந்தால் உடனே தெரிஞ்சிடும். பொது அடுப்பில பத்து வீட்டுச் சட்டி நிக்கேக்க அதுவும் ஒரு பாதுகாப்புத்தானே.

திறக்கேக்க கவனம். மாவு ஓடு மாதிரி இறுகியிருக்கும். கத்தி முனையைச் சும்மா நெம்பினால் மண்சட்டியின்ர விளிம்பு உடையும். சுத்திவரத் தட்டித் தளர்த்திப்போட்டுத் திறவுங்கோ, முகத்தைத் தள்ளி வையுங்கோ, ஆவி அடிக்கும்.

நாலாம்மாடி

நான் சென்னையில அபார்ட்மென்ட்ல இருக்கேன். தணலும் இல்ல, குளமும் இல்ல. சின்ன ஓவன் இருக்கு. ஏதாவது வழி உண்டா?

மேற்குஏரி

உண்டு. மண்ணுக்குப் பதிலா மாவு. சீனாவுலயும் இப்ப நிறைய இடத்துல கோழியை மாவுல பொதிஞ்சுதான் சுடுறாங்க. ஒரு கிலோ மைதாவுக்குக் கால் கிலோ கல்லுப்பு பொடிச்சது, அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட தண்ணி. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியா பிசைஞ்சு ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு விரிச்சு, இலைப் பொட்டலத்தை மூடுங்க. இலை கிழிஞ்சா உப்பு கறியில இறங்கும், அதனால ரெண்டு சுத்து. 200 டிகிரியில அரை மணி, அப்புறம் 160ல ரெண்டு மணி நேரம், ஒன்னேகால் கிலோ கோழிக்கு. அந்த மாவு சாப்பிடுறதுக்கு இல்ல. தாமரை இலை கோயம்பேட்டுப் பூ மார்க்கெட்ல கேட்டுப் பாருங்க, இல்லேன்னா வாட்டின வாழையிலை.

மருந்துக்கல்

தாமதமாக வருகிறேன். நான் சித்த மருத்துவன். இந்த இழையைப் படிக்கும்போது எங்கள் வேலை நினைவுக்கு வந்தது, ஒரு பயன்படும் செய்தி சொல்கிறேன்.

பற்பம், அதாவது சுட்டுப் பொடியாக்கும் மருந்து, செய்யும்போது மருந்து வில்லைகளை அகலில் வைத்து மேலே இன்னொரு அகலால் மூடி, சேரும் இடத்தில் சீலைமண் செய்வோம். களிமண்ணைக் குழம்பாகக் கரைத்து அதில் துணிப்பட்டையைத் தோய்த்துச் சுற்றுவது. ஒரு சுற்று காய்ந்த பிறகே அடுத்த சுற்று, ஏழு சீலை வரை. அதன் பிறகுதான் வறட்டி அடுக்கிப் புடம் போடுவது. துணி இருப்பதால் மண் வெடித்தாலும் பிரிந்து விழாது.

கோழிக்கு ஏழு தேவையில்லை. கஞ்சி போடாத, சாயமில்லாத பழைய பருத்தித் துணியை மண்குழம்பில் தோய்த்து இலைப் பொட்டலத்தின் மேல் ஒரு சுற்று சுற்றுங்கள். அதன் மேல் வைக்கோல் மண். உடைக்கும்போது மண் தூள் கறியில் விழாமலும் அந்தத் துணி காக்கும்.

ஒரே ஒரு வேறுபாடு. புடத்தை நாங்கள் தானாக ஆறவிட்டு மறுநாள் பிரிப்போம். கறியில் அந்தப் பழக்கம் ஆபத்து. மண்ணில் கிருமி விதைகள் இருக்கும், சில கொதிச்சூட்டிலும் சாகாதவை. காற்றுப் புகாத இடத்தில் கறி இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகும். சூடாக உடையுங்கள், உடனே சாப்பிடுங்கள், மிச்சத்தை எலும்பு நீக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரவே மூடி மறுநாள் சுடலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

தோப்புவீடு

எல்லாருக்கும் மனசார நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும்னு எதிர்பார்க்கல. மண்மிதி, பக்கத்து ஊர்ல பானை செய்யற பெரியவர் ஒருத்தர் இருக்கார், நாளைக்கே போய்ப் பேசுறேன்.

மிச்சம் ஒரே ஒரு கேள்வி. திறக்காம வெந்ததைப் பார்க்கிறது எப்படி? அப்புறம், இருபது பேருக்கும் மண்ணுக்கோழியே போட முடியுமா?

வெப்பக்கணக்கு

சமையல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், கம்பி நீளமானது. மண் பூசும்போதே நுனியைத் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தி, கம்பியை மண்ணுக்கு வெளியே விட்டுவிடுங்கள். அது சுமார் 250 டிகிரி தாங்கும் கம்பியா என்று பார்த்து வாங்குங்கள், தணலில் நேராகப் படக் கூடாது. 74 டிகிரி வந்தால் சாப்பிடப் பாதுகாப்பு. ஆனால் நாட்டுக்கோழிக்கு அது போதாது, 90ஐத் தாண்டி ஒரு மணி நேரமாவது நிற்கட்டும், அப்போதுதான் மிருதுவாகும். வெப்பமானி வைப்பது எல்லாவற்றுக்கும் வேண்டாம், நடுவில் இருக்கும் பெரிய கோழிக்கு மட்டும்.

கங்கும்கரியும்

இருபது பேருக்கும் மண்ணுக்கோழின்னா அஞ்சாறு உருண்டை ஆகும், முதல் தடவைக்கு ஒரே குழியில அத்தனைக்கும் தணல் சமமா வராது. மூணு கோழி மண்ணுல போடுங்க. கூடவே மூணு கிலோ மட்டன், மூணு கிலோ சீரகச் சம்பா, ஒரு டேக்சா தம். கோழிக் குழியில விழுற கங்கையே அள்ளி டேக்சா மூடி மேல போடலாம். தீ ஒண்ணு, சமையல் ரெண்டு.

நேரத்தை மட்டும் பின்னாலருந்து எண்ணுங்க. பகல் ஒரு மணிக்குப் பந்தின்னா மண்ணு உருண்டை எட்டரைக்குத் தணல் பக்கத்துல வந்தாகணும். குழியில தீ ஏழுக்கே போட்டுருங்க, வேல மரத்து விறகு, இல்லேன்னா புளிய விறகு. தென்னை மட்டை வேண்டாம், பகபகன்னு எரிஞ்சு சாம்பலாயிடும், கங்கு நிக்காது. டேக்சாவுக்கு மாவு பன்னெண்டே காலுக்கு ஒட்டினா போதும்.

மண்மிதி

உருண்டைகளுக்கு நடுவுல ஒரு சாண் இடைவெளி விடுங்க. மேல ஒரு மூங்கில் குச்சியால தட்டிப் பாருங்க. ஈரமா இருந்தா மொத்தையா சத்தம் வரும், காய்ஞ்சா பானை சத்தம் வரும். பானை சத்தம் வந்ததும் தணலைப் பாதியா வாரி விலக்கிடுங்க.

ரைன்கரை

சாறு சிந்தாமல் எடுக்க விளிம்பு உள்ள பெரிய தாம்பாளத்தில வச்சு உடையுங்கோ. படம் போடுங்கோ அண்ணை.